அக்காவின்ர சுவெற்றரும் ரெண்டு குட்டியளும்

அக்கா! என்ர அக்கா! நீ வளர்த்த குட்டியளில சின்னது உன்னோடயே வந்திட்டுது. உன்ர காலடியிலதான் கிடக்குது. பெரிசுக்கு என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதிறன்.

ஓராண்டு நினைவுப் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறம், அக்காவைப் பற்றி நீதான் எழுதோணும் எண்டு அம்மா சொல்லிப்போட்டா. எனக்குப் பெரிசாப் படிப்பில்லை. ஊரில இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடம் நிண்டு போச்சு. மெல்பேர்ன் வந்தபிறகு இங்கிலீஷ் படிக்க விட்டவை, மண்டையில ஏறேல்ல. இப்ப கோழி பக்டரியில வேலை செய்யிறன். கதைக்கிற மாதிரித்தான் எனக்கு எழுத வரும். பிழையள் இருந்தா மன்னியுங்கோ.

மற்றாக்களின்ர நினைவுப் புத்தகங்களை எடுத்துப் பாத்தனான். எல்லாத்திலயும் அன்பானவ, பண்பானவ, ஆருக்கும் தீங்கு நினையாதவ எண்டுதான் இருக்கு. அக்காவும் அப்பிடித்தான். ஆனா சண்டையும் பிடிப்பா, என்ர சீப்பை எடுத்தா திருப்பி வைக்க மாட்டா. எனக்கு அவவை நினைச்சா முதல் வாறது அவவின்ர கழுத்தில தொங்கின பைதான். அந்தப் பைக்குள்ளதான் குட்டியள் இருந்ததுகள்.

நாங்கள் இருக்கிறது ஸ்பிரிங்வேலில, ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு யூனிற். அம்மா, அக்கா, நான். அப்பா ஊரிலயே செத்துப் போனார். அக்கா வயசான ஆக்களின்ர ஹோமில, உடுப்புத் தோய்க்கிற லோன்றியில வேலை. லீவு நாளில காட்டுச் சீவன்களைக் காப்பாத்திற ஆக்களோட போவா. இந்த நாட்டில நினைச்சபடி ஒரு காட்டுச் சீவனை வீட்டில வைச்சிருக்கேலாது, பேர்மிற் வேணும். அக்கா வகுப்புக்கெல்லாம் போய் அவவின்ர பேரில எடுத்து வைச்சிருந்தா.

ஒருநாள் வேலையால வரேக்க ஒரு பையைக் கொண்டு வந்தா. உள்ளுக்குப் பாத்தா, என்ர பெருவிரல் அளவில ரெண்டு. மயிர் அப்பதான் முளைக்குது. கண் ரெண்டும் ஒட்டிக் கிடக்குது. தாய் ஆற்றையோ வேலியில, முள்ளுக்கம்பியில பாயேக்க மாட்டுப்பட்டுச் செத்துப் போச்சுதாம். குட்டியள் தாயின்ர வயித்துப் பைக்குள்ள உயிரோட இருந்திருக்குதுகள்.

அம்மா குசினி வாசலில நிண்டு எட்டிப் பாத்திட்டு, "கர்த்தரே, எலிக்குஞ்சு!" எண்டா.

"எலி இல்லையணை. சுகர் கிளைடர்."

"அதென்ன கேக்கின்ர பேர் மாதிரி?"

"அணில் மாதிரி ஒண்டணை. கைக்கும் காலுக்கும் நடுவில தோல் இருக்கும். அதை விரிச்சுக்கொண்டு மரத்தால மரத்துக்குப் பாயும். பூவில தேன் குடிக்கும்."

"ஊரில எலிக்குப் பொறி வைச்சம். இஞ்ச எலிக்குப் பால் பருக்கிறாள். கலியாணம் கட்டு எண்டா அதுக்கு மாட்டாளாம்."

"மாப்பிள்ளைமார் இதைவிட மணக்கிறாங்கள் அம்மா."

அம்மா சிரிக்காமல் இருக்கத்தான் பாத்தா, ஏலேல்ல.

அக்கா தன்ர பழைய சாம்பல்நிறச் சுவெற்றரின்ர ஒரு கையை வெட்டி, அடியைத் தைச்சு, பை செய்தா. அதை நாடா கட்டிக் கழுத்தில போட்டு, சட்டைக்குள்ள விட்டுக்கொண்டு திரிவா. குட்டிக்குச் சூடு வேணும், நெஞ்சுச் சத்தமும் கேக்கோணுமாம். வேலைக்கும் கொண்டு போவா. லோன்றி எப்பவும் வெக்கை எண்டபடியா சூப்பவைசர் ஒண்டும் சொல்லேல்ல.

பால் குடுக்கிறது லேசில்லை. அதுகளுக்கெண்டு தனிப் பால்மா இருக்கு. கொதிச்சு ஆறின தண்ணியில ஒவ்வொரு முறையும் புதுசாக் கரைக்கோணும். ஊசியில்லாத சின்னச் சிரிஞ்சால ஒவ்வொரு சொட்டா உதட்டில வைக்கோணும், அது தானா நக்கோணும். அவசரப்பட்டா மூக்குக்குள்ள போய் நெஞ்சில சளி கட்டிச் செத்துப் போகும். குடிச்சு முடிய, வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுப் பின்பக்கம் மெல்லத் தடவினாத்தான் ஒண்டுக்குப் போகும். தாய் நக்கிற மாதிரி. எனக்கும் அக்கா எல்லாம் காட்டித் தந்தவ. ஆனா அவ ஒரு நாளும் அதுகளுக்குப் பேர் வைக்கேல்ல.

"காட்டுக்குப் போற பிள்ளையளுக்கு எதுக்கடி பேர்? பேர் வைச்சா விட மனம் வராது," எண்டா.

அம்மாதான் பெரிசு, சின்னது எண்டு கூப்பிட்டவ. சின்னது சாப்பாட்டுப் பைத்தியம், சிரிஞ்சைக் கண்டா ஏறி விழும். பெரிசு பிடிவாதம். அக்காவின்ர கையால தந்தாத்தான் குடிக்கும். நான் குடுத்தா முகத்தைத் திருப்பும்.

அக்காவுக்குச் சின்னனில இருந்தே முட்டு வருத்தம், ஆஸ்மா. வாய்க்குள்ள அடிக்கிற பஃபர் இல்லாமல் வெளிக்கிட மாட்டா. இஞ்ச வெயில் தொடங்கிற காலத்தில புல்லெல்லாம் பூக்கும். வெக்கை நாளில இடிமழை வந்தா அந்தப் பூத்தூள் காத்தோட கலந்து முட்டுக்காரரைப் பிடிக்குமெண்டு ரேடியோவில சொல்லுவினம். அண்டைக்கும் சொல்லியிருப்பினம். நாங்கள் கேக்கேல்ல. அக்கா ஸ்ரேசனில இருந்து நடந்து வரேக்கதான் காத்து மாறினது.

உள்ளுக்கு வந்து குசினிக் கதிரையில இருந்தா. முதல் பஃபரை எடுக்கேல்ல. முதல் கழுத்தில இருந்த பையைக் கழட்டி எனக்கு நீட்டினா.

"இதைப் பிடி. பால் குடுக்கிற நேரம்," எண்டா.

பிறகு பஃபரை அடிச்சா, அடிச்சா, திரும்பத் திரும்ப அடிச்சா. நான் ஒரு கையில பையோட அம்புலன்ஸுக்கு அடிச்சன். எனக்கு இங்கிலீஷில சிஸ்ரர், நோ பிரெத் எண்டுதான் வந்தது. அவை விளங்கி வந்தவைதான். கெதியாத்தான் வந்தவை. அண்டைக்கு எல்லா வீட்டிலயும் இருந்து அடிச்சிருக்கினம் எண்டு பிறகு சொல்லிச்சினம். எங்கட அக்காவுக்கு அதுவும் போதாமல் போச்சு.

ஆஸ்பத்திரியில அம்மா நிலத்தில இருந்து கத்தேக்க என்ர சட்டைக்குள்ள அந்த ரெண்டும் நெளிஞ்சுகொண்டு கிடந்ததுகள். அதுகளுக்குப் பசி. நான் ரொயிலற்றுக்குள்ள போய் நிண்டு அழுதன், அதுகளும் கத்திச்சுதுகள்.

திடீரெண்டு போன உயிர் எண்டு அக்காவை உடன தரேல்ல. பரிசோதிக்கோணுமாம். எப்ப தருவினம் எண்டு ஆருக்கும் தெரியாது. ஊரிலயெண்டா அடுத்த நாள் அடக்கம் முடிஞ்சிடும். இஞ்ச செத்தவீடு இழுபட்டுக்கொண்டு போகும். அடக்கம் முடியுமட்டும் வீட்டில அடுப்பு மூட்டிறேல்லை எண்டு எங்கட ஆக்கள் இஞ்சயும் விடாமல் வைச்சிருக்கினம். முறை வைச்சு ஒவ்வொரு வீட்டால சாப்பாடு வரும். புட்டு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு.

பக்கத்துத் தெரு அன்ரிதான் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவ. அவ சைவம், நாங்கள் வேதம், கத்தோலிக்கர். எங்களுக்குள்ள அது ஒண்டும் இல்லை. அவ வந்து நிண்டிராட்டி அம்மா எழும்பியே இருக்க மாட்டா. நான் பால்மா கரைக்கத் தண்ணி வைக்க, அவ ஓடி வந்திட்டா.

"பிள்ளை, அடக்கம் முடியாமல் அடுப்பு மூட்டக்கூடாது. தெரியாதே?"

"அன்ரி, இது கேத்தில்."

"கேத்திலெண்டாலும் கொதிக்குதெல்லோ."

"கரண்டில கொதிக்குது அன்ரி. நெருப்பில்லை."

அறைக்குள்ள படுத்திருந்த அம்மாதான் சொன்னா, "விடுங்கோ அக்கா. குட்டியளுக்குத்தானே. அதுகள் செத்தவீடெண்டு கண்டுதுகளே."

அக்காவோட காட்டுச் சீவன்களைக் காப்பாத்தப் போற வெள்ளைக்கார மனிசி ஒராள் போன் அடிச்சவ. லாங்வாரின் பக்கம் இருக்கிறவ, கனகாலமா இந்தக் குட்டியள் வளர்க்கிறவ. பேர்மிற் அக்காவின்ர பேரில, அக்கா இல்லையெண்டா குட்டியளை அவவிட்டக் குடுக்கோணும். தான் உடன வந்து எடுக்கிறன் எண்டா. நான் அம்மாவுக்குச் சொன்னன். அம்மா மாட்டன் எண்டிட்டா.

"அவளுக்கு வேற பிள்ளையளே இருக்கு? அடக்கம் வரைக்கும் நிக்கட்டும். அவளை வழியனுப்பிட்டுப் போகட்டும்."

அதை நான் எப்பிடி இங்கிலீஷில சொல்லிறது? "மம் சே, பியூனரல் பினிஷ், தென் யூ ரேக்," எண்டன். அந்த மனிசி, சரி, சூடு விடாமல் பார், பால்மாவைத் தவிர ஒண்டும் குடுத்திடாதை எண்டா. நான் யெஸ் யெஸ் எண்டன்.

பின்னேரங்களில வீட்டில செபமாலை சொல்லுவம். ஒரு நாள் எல்லாரும் முழந்தாளில இருக்க, என்ர சட்டைக்குள்ள இருந்து பெரிசு கத்தத் தொடங்கிட்டுது. அதுகள் பயந்தா ஒரு சத்தம் போடும், பழைய மோட்டார்சைக்கிள் ஸ்ரார்ட் எடுக்க ஏலாமல் கிடந்து இழுக்கிற மாதிரி. முன்னுக்கு இருந்த ஒரு அங்கிள் திரும்பி, "ஆற்றையோ போன் அடிக்குது, நிப்பாட்டுங்கோ," எண்டார். நான் சட்டைக்கு மேலால கையை வைச்சு அமத்தினன். அது இன்னும் கத்திச்சுது. "பிள்ளை, உம்மட போன்தான். ஆரெண்டு பாரும், ஊரில இருந்தாயிருக்கும்," எண்டார் அங்கிள். அம்மா அப்பதான் அந்தக் கிழமையில முதல்தரமாச் சிரிச்சவ. சிரிச்சுச் சிரிச்சு அப்பிடியே அழுதிட்டா. பிறகு ஆரும் செபமாலையை முடிக்கேல்ல.

அக்காவைத் தரப் போகினம் எண்டு சொன்ன நாள், நானும் அம்மாவும் அடக்கம் செய்யிற கம்பனிக்கு அவவுக்குச் சீலை குடுக்கப் போனம். அம்மாவைப் பிடிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும் எண்டு பையைச் சூடு குடுக்கிற ஹீற் பாட் மேல வைச்சிட்டுப் போனன். பால் குடுத்திட்டுத்தான் போனன். ஆனா அங்க சுணங்கிப் போச்சு. எந்தச் சீலை, எந்தப் பெட்டி, முகத்துக்கு என்ன பூசிறது எண்டு அவங்கள் கேக்க, அம்மா ஒவ்வொண்டுக்கும் அழுதா.

வீட்டுக்கு வர அன்ரி வாசலிலயே நிண்டவ.

"பயப்பிடாதை பிள்ளை. ரெண்டும் கத்திக்கொண்டு கிடந்ததுகள். வயிறு நிறையக் குடுத்திட்டன். செத்தவீட்டில ஒரு சீவனும் பசியோட கிடக்கக்கூடாது."

"என்னத்தை அன்ரி குடுத்தீங்கள்?"

"பால்தான். தேத்தண்ணிக்கு என்ர வீட்டில காய்ச்சிக் கொண்டந்த பால். இளஞ்சூடா, ஒரு நுள்ளுச் சீனியும் போட்டு, துணியில தோய்ச்சு. எங்கட பிள்ளையளுக்குக் குடுக்கிற மாதிரித்தான். சின்னது என்ன வடிவாக் குடிச்சது தெரியுமே! மற்றது நெஞ்சழுத்தம், துப்பிப்போட்டுது."

பசுப்பால் இதுகளுக்கு நஞ்சு மாதிரி. அக்கா எங்களுக்கு எத்தினையோ தரம் சொன்னவ. அன்ரிக்கு ஆரும் சொல்லேல்ல. செத்தவீட்டுக்கு வாற எல்லாருக்கும் ஏதாவது குடுத்து விடுறதுதான் எங்கட வழமை. அழுதுகொண்டு வாற ஆளுக்கும் முதல் ஒரு தேத்தண்ணி. அன்ரி அதைத்தான் செய்தவ.

விடியவே சின்னதுக்கு வயித்தால போகத் தொடங்கிட்டுது. வயிறு ஊதிப் போச்சு. அக்கா காட்டித் தந்த மாதிரி முதுகுத் தோலைக் கிள்ளிப் பாத்தன். தோல் திரும்பிப் போகேல்ல, அப்பிடியே கூடாரம் மாதிரி நிண்டுது. உடம்பில தண்ணி இல்லை எண்டு அர்த்தம். லாங்வாரின் மனிசிக்கு அடிச்சன். "பேபி ரொயிலற், வோட்டர், வோட்டர்," எண்டன். அவவுக்கு உடன விளங்கிட்டுது. என்ன குடுத்தனீ எண்டு கேட்டா. கவ் எண்டன். உப்புத்தண்ணி கரைக்கிற பக்கற் ஒண்டு அக்காவின்ர மேசை லாச்சிக்குள்ள இருக்கும், அதை ஒவ்வொரு சொட்டாக் குடு, நான் வெளிக்கிட்டு வாறன் எண்டா.

குடுத்தன். நாக்கை நீட்டிச்சுது. சாகிற நேரத்திலயும் அதுக்குச் சாப்பாட்டு ஆசை. பிறகு நாக்கு வெளியிலயே நிண்டிட்டுது. அந்த மனிசியின்ர கார் வர முந்தியே முடிஞ்சிட்டுது.

அன்ரி பாத்துக்கொண்டு நிண்டவ. "நான் குடுத்த பாலோ?" எண்டு கேட்டா. அம்மா, "இல்லையக்கா, அது நோஞ்சான், அது எப்பிடியும் தப்பாது," எண்டா. நான் சின்னதை ஒரு கைலேஞ்சியில சுத்தினன். அன்ரி இந்தப் புத்தகம் வாசிப்பா. அன்ரி, உங்களில எனக்குக் கோவம் இல்லை. அப்ப இருந்தது. இப்ப இல்லை.

வந்த மனிசி பெரிசைச் சோதிச்சுப் பாத்தா. இது தப்பும், ஆனா இப்ப இடத்தை மாத்தினா கலங்கிப் போகும், அடக்கம் முடிஞ்ச கையோட கொண்டு வா எண்டா. அம்மாவைக் கட்டிப் பிடிச்சிட்டுப் போனா.

அடக்கத்தண்டு கடைசியா முகம் பாக்க விட்டவை. அம்மா குனிஞ்சு அக்காவின்ர காலைத் தொட்டா, சீலையைச் சரிபண்ணிற மாதிரி. அவவின்ர கையில அந்தக் கைலேஞ்சி மடிச்சபடி இருந்தது. அது சீலைக்குள்ள போறதை நான் கண்டனான். பக்கத்தில நிண்ட, அடக்கக் கம்பனியின்ர வெள்ளைக்காரப் பெடியனும் கண்டவன். அவன் மற்றப் பக்கம் திரும்பிப் பூவை அடுக்கினான். கடவுள் அவனை ஆசீர்வதிக்கோணும்.

பெரிசு அதுவரைக்கும் பசிக்கு என்ர கையாலயும் கொஞ்சம் குடிச்சது, அதுக்குப் பிறகு பால் குடிக்க மாட்டன் எண்டு நிண்டுது. வாயை இறுக்கிக் கொண்டு கிடந்தது. உடம்பு குளிரத் தொடங்கிட்டுது. எனக்கு விசர் பிடிச்ச மாதிரிப் போச்சு. இதுவும் போனா அக்கா தொட்டது ஒண்டும் இந்த வீட்டில உயிரோட இல்லை எண்டுதான் நினைச்சன். அக்காவின்ர ஒற்றைக்கைச் சுவெற்றர் தோய்க்காமல் அவவின்ர கட்டில் கம்பியில தொங்கினது. அதை எடுத்துப் போட்டன். செத்த ஆளின்ர உடுப்பை முப்பத்தோராம் நாள் முடியாமல் போடக்கூடாது எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். நெஞ்சில பையை விட்டு, சிரிஞ்சை நீட்டினன். அது சுவெற்றரை மணந்துது. மூக்கை வைச்சு அங்கால இஞ்சால தேடிச்சுது. அக்காவைத்தான் தேடிச்சுது. பிறகு குடிச்சுது.

நான் அந்தச் சுவெற்றரைக் கழட்டேல்ல. அதோடதான் படுத்தன், அதோடதான் பூசைக்கும் போனன்.

குடுக்கப் போற நாள் அன்ரிதான் கார் ஓடினவ. தான்தான் கூட்டிக்கொண்டு போவன் எண்டு நிண்டவ. போற வழியில கேரம் டவுன்ஸ் கோயிலடியில காரை நிப்பாட்டி, "ஒரு நிமிசம்," எண்டு இறங்கிப் போனா. வந்து அம்மாவின்ர நெத்திக்குக் கிட்டத் திருநீறைக் கொண்டு போய், யோசிச்சு, கையைக் கீழ விட்டா. அம்மா தன்ர நெத்தியை நீட்டினா. "பூசுங்கோ. அவளுக்காகத்தானே கும்பிட்டீங்கள்." பிறகு அன்ரி பைக்கும் கொஞ்சம் பூசினா. பெரிசு தும்மிச்சுது.

அந்த மனிசியின்ர வீட்டுப் பின்வளவில பெரிய கூடு. உள்ளுக்கு மரக்கொப்புகள், பெட்டியள், எல்லாத்திலயும் இதின்ர இனம். இதுகள் தனிய இருந்தா மனம் விட்டுச் செத்துப் போகுமாம், கூட்டமாத்தான் சீவிக்குமாம். ஒரு பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தன், ஒண்டுக்கு மேல ஒண்டாச் சுருண்டு படுத்திருந்ததுகள்.

நான் சுவெற்றரைக் கழட்டிக் குடுத்தன். இது வாசம் தெரிஞ்சாத்தான் குடிக்கும் எண்டு கையால காட்டினன். அந்த மனிசி மெதுவாக் கதைச்சா, எனக்கு விளங்கோணும் எண்டு. பையை மட்டும் வைச்சிருக்கிறன், சுவெற்றரைக் கொண்டு போ எண்டா. பிறகு பையையும் எடுத்திடுவாவாம். மற்றதுகள் படுத்த துணியில இதைப் படுக்க வைச்சு, அதுகளின்ர வாசத்தை இதில ஏத்தோணுமாம். மனிச வாசம் இருந்தா அதுகள் சேர்க்காதாம். மனிசரைக் கண்டு பயப்பிடாட்டி காட்டில பூனையும் பிடிக்கும், ஆளும் பிடிக்கும். அதால வந்து பாக்கக் கூடாது எண்டா. அவவின்ர கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"என்னவாம்?" எண்டா அம்மா.

"அக்காவை மறந்தாத்தான் இது உயிரோட இருக்குமாம்."

அம்மா கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தா. "அப்ப மறக்கட்டும்," எண்டா.

வீட்டுக்கு வந்து அம்மா சுவெற்றரை வாங்கி முகத்தில வைச்சா. நானும் மணந்து பாத்தன். பால்மா, குட்டி மூத்திரம், என்ர வேர்வை. அக்காவின்ர வாசம் அதில இல்லை. அந்தக் குட்டிக்கு உயிரைக் குடுத்துக் குடுத்து முடிஞ்சு போச்சு. அம்மா அதைத் தோய்க்கவும் இல்லை, எறியவும் இல்லை. அலுமாரிக்குள்ள இருக்கு.

போன மாசம் அந்த மனிசியிட்ட இருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு மரத்தில பெட்டி கட்டியிருக்கு. கதவைத் திறக்க ஒவ்வொண்டா வெளியில வருகுதுகள். எது எங்கட பெரிசெண்டு எனக்குத் தெரியேல்ல. எல்லாம் ஒரே மாதிரி. ஒண்டு மட்டும் வர மாட்டன் எண்டு வாசலிலயே கன நேரம் இருந்திட்டு, பிறகு எல்லாத்தையும்விட தூரத்துக்குப் பாய்ஞ்சுது. அம்மா அதுதான் எண்டு சொல்லிறா. எந்தக் காடெண்டு அந்த மனிசி சொல்லேல்ல, நாங்களும் கேக்கேல்ல.

அக்கா, அது உன்னை மறந்திட்டுது. அதால உயிரோட இருக்கு. எங்களுக்கு அப்பிடி மறக்க ஏலாது.

இதை வாசிக்கிற அன்ரிமார், அங்கிள்மார், அக்காவோட வேலை செய்த ஆக்கள், அவவைத் தெரியாத ஆக்களும்தான், உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். வேதமோ சைவமோ, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி, தெரிஞ்ச பாசையில, என்ர அக்காவுக்காக ஒருக்காச் செபியுங்கோ. கடைசியில அவவுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தது. இப்ப இருக்கிற இடத்தில அவ நல்லா மூச்சு விடோணும் எண்டு கேளுங்கோ.